அலமாரிக்குள் அடைபட்ட குரல்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினேன். தாழ்ந்த ஒலிக்கு 16.5 செ.மீ. வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஓர் அங்குலக் குமிழ் வடிவ டோம் ட்வீட்டர், பெட்டியின் பின்புறம் போர்ட் எனப்படும் காற்றுக் குழாய். விவரத்தாளில் 45 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 86 டெசிபல், 6 ஓம் என்று போட்டிருக்கிறது. வாங்கும் முன் ஸ்டாண்டின் மேல் வைத்துக் கேட்டபோது குரல் அத்தனை தெளிவாக இருந்தது. வீட்டில் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில், இருபுறமும் புத்தகங்கள் நெருக்கி நிற்க, வைத்திருக்கிறேன். அறையின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர். இங்கே ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குமுறுகிறது, ஆனால் ஆழம் இல்லை. பெரிய ஸ்பீக்கர் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். கேபிளை மாற்று என்கிறார் இன்னொருவர். மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபரைச் சேர்த்துக்கொள் என்கிறார் மூன்றாமவர். எதைச் செய்யலாம்?

பதில்: அன்புடையீர், மூன்றில் எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். ஸ்டாண்டின் மேல் கேட்டபோது தெளிவு, அலமாரியில் வைத்தபோது குடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீக்கரும் அதுதான், உங்கள் காதும் அதுதான். மாறியது அது நிற்கும் இடம் மட்டுமே. பெயரில் ‘புக்‌ஷெல்ஃப்’ என்று இருப்பதால் அலமாரியில் வைப்பதே முறை என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை, சுவரிலிருந்து தள்ளி, நாற்புறமும் வெளி விட்டு, ஸ்டாண்டின் மேல் நிற்பதற்காகவே வடிவமைக்கப்படுகின்றன. நான் முப்பது ஆண்டுகளாக ஸ்பீக்கர் பெட்டிகளும், தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றுகளும் வடிவமைத்து வருகிறேன். என்னிடம் வரும் குறைகளில் இதுதான் மிகச் சாதாரணமானது.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் தீர்வை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 செ.மீ.க்கும் குறைவு, 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். உங்கள் ஸ்பீக்கரின் முன்பலகை 20 செ.மீ. அகலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். குறுகிய அலைகளுக்கு அந்தப் பலகை ஒரு சுவர். அதில் பட்டு முன்னோக்கியே செல்கின்றன. நீண்ட அலைகளுக்கு அந்தப் பலகை இருப்பதே தெரியாது. அவை பெட்டியைச் சுற்றி வளைந்து பின்னாலும் பரவிவிடுகின்றன. எனவே முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, மேல் அதிர்வெண்களோடு ஒப்பிடும்போது கீழ் அதிர்வெண்கள் 6 டெசிபல் வரை குறைந்து கேட்கும். 20 செ.மீ. பலகையில் இந்த மாற்றம் 600 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழ்கிறது. அதாவது, குரலின் நட்ட நடுவில்.

வடிவமைப்பாளர் இதை அறிவார். அதனால் கிராஸ்ஓவரிலேயே மேல் பகுதியை அடக்கி, கீழ்ப் பகுதியை அதற்கு ஈடாக ஏற்றிவைக்கிறார். வெட்டவெளியில் முழு 6 டெசிபல் ஈடு வேண்டும். அறையின் சுவர்கள் கொஞ்சம் கைகொடுக்கும் என்று கணக்கிட்டு மூன்றோ நான்கோ கொடுத்து நிறுத்துபவர்களும் உண்டு. எப்படியானாலும் பெட்டி தனித்து நிற்கும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. அந்தப் பெட்டியை நீங்கள் புத்தக முதுகுகளின் வரிசைக்கு நடுவே நிறுத்தும்போது, 20 செ.மீ. பலகை அலமாரியின் முழு அகலத்துக்கும் நீண்ட பலகையாகிவிடுகிறது. நீண்ட அலைகளுக்கு இப்போது பின்னால் ஓட வழியில்லை. அவையும் முன்னோக்கியே வருகின்றன. ஆனால் கிராஸ்ஓவர் கொடுத்த ஈடு அப்படியே இருக்கிறது. இழப்பு இல்லாத இடத்தில் கொடுக்கப்பட்ட அந்த ஈடுதான் உங்கள் அறையில் குமுறுகிறது. ஆண் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதன் மடங்குகளில் எழும் முதல் சில மேற்சுரங்கள் 500 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். துல்லியமாக அந்தப் பகுதிதான் உங்கள் அலமாரியில் வீங்கியிருக்கிறது. பாஸ் அதிகம் என்று நீங்கள் எண்ணுவது உண்மையில் பாஸுக்கு மேலேயுள்ள பகுதியின் மிகை. ஆழம் கூடாமல் குமுறல் மட்டும் கூடியதற்குக் காரணம் அதுவே.

இதை நான் சூத்திரத்தில் படித்துத் தெரிந்துகொண்டாலும், உணர்ந்துகொண்டது ஒரு வாடிக்கையாளரின் படிப்பறையில். தொழிலின் தொடக்க ஆண்டுகளில் அவருக்கென்று ஒரு சிறிய இருவழி ஸ்பீக்கர் செய்துகொடுத்தேன். பட்டறையில் உயரமான கம்பத்தின் மேல் வைத்து அளந்தபோது ஒழுங்காக இருந்தது. அவர் அலமாரியில் வைத்ததும், செய்தி வாசிப்பவரின் குரல் நெஞ்சடைத்தவர் பேசுவதுபோல் ஆகிவிட்டது. வூஃபரில் பிழை என்று எண்ணி அதை மாற்றினேன், பயனில்லை. கடைசியில், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியை இரு கைகளாலும் தூக்கி, கேபிள் எட்டும் வரை அறையின் நடுவுக்கு நடந்தேன். முதல் அடியில் குமுறல் தளர்ந்தது. மூன்றாவது அடியில் குரலுக்கு உதடும் பல்லும் வந்துவிட்டன. போர்ட்டிலிருந்து வந்த காற்று என் சட்டையில் மெல்ல மோதியதும், வயிற்றோடு அணைத்திருந்த பெட்டியின் பக்கப்பலகை ஒவ்வொரு சொல்லுக்கும் துடித்ததும் இன்றும் நினைவிருக்கின்றன. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மின்னிணைப்பு இழுபடாமல் கேபிள் நீளம் இருக்கட்டும். ஒரு பெட்டி மட்டும் ஒலிக்கட்டும். பாட்டு வேண்டாம், பேச்சு போதும். மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் பிறந்தது முதல் தெரியும். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

பின்புற போர்ட்டும் இதில் பங்கு வகிக்கிறது. போர்ட் என்பது வெறும் துளை அன்று. குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு எடையாகவும், பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில்லாகவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊசலாடும். வூஃபர் தளரத் தொடங்கும் இடத்தில் இந்த ஊசல் கைகொடுக்கும். வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதினால் ஒரே சுரம் எழுவதும் இதனால்தான். அலமாரியின் பின்பலகை போர்ட்டின் வாயிலிருந்து நான்கு விரற்கடையில் இருந்தால் அந்த ஊசலின் இசைவு மாறலாம். அதோடு, பெட்டிக்குப் பின்னாலும் மேலும் அடைபட்ட காற்றுக்குத் தனியாக ஓர் ஒத்ததிர்வு பிறக்கிறது. தட்டுப் பலகையும் சும்மா இராது. பாஸ் ஒலிக்கும்போது அதை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். துடிப்பு தெரிந்தால் அந்தப் பலகையும் ஒரு ஸ்பீக்கராக வேலை செய்துகொண்டிருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது குறை: 45 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தும் ஆழம் இல்லை என்பது. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கூட்டல் கழித்தல் 3 டெசிபலுக்குள் 45 ஹெர்ட்ஸ் என்றால் அது ஒரு செய்தி. 10 டெசிபல் இறங்கிய இடத்தை 45 என்று குறித்திருந்தால் அங்கே ஒலி இருக்கும், ஆனால் நீங்கள் அதைக் கேட்கமாட்டீர்கள். ஸ்பீக்கர் தொழிலில் எவராலும் மீற முடியாத ஓர் உடன்படிக்கை உண்டு: சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சக்தியில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே உரப்பில் அதிர்வெண் பாதியாகும்போது வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு முன்னும் பின்னும் அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு 50 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டரும், 25 ஹெர்ட்ஸில் பதினாறு மில்லிமீட்டரும் அசைய வேண்டும்; உங்கள் வூஃபரால் கடைசி அளவுக்குச் செல்ல இயலாது. கிதாரின் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ் என்பதால் அது உங்களுக்கு முழுமையாகக் கேட்கும்; டபுள் பாஸின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் மேற்சுரங்கள்தான் கேட்கும், அடிச்சுரத்தை மனம் இட்டு நிரப்பிக்கொள்ளும்.

இந்த உடன்படிக்கைக்குள் நின்றே பெட்டியைச் சிறிதாக்கியவர்களின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், ஹென்றி குளோஸ் இருவரும் ஏ.ஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். அதுவரை ஆழமான பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி தேவைப்பட்டது. கூம்பைத் தாங்கும் விறைப்பான விளிம்புக்குப் பதிலாகத் தளர்ந்த விளிம்பைப் பொருத்தி, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக வேலை செய்ய வைத்தார் வில்ச்சர். இன்றைய கண்ணுக்கு அதுவும் பெரிய பெட்டிதான். ஆனால் ‘அலமாரியில் வைக்கலாம்’ என்ற எண்ணம் வலுப்பெற்றது அந்தத் தலைமுறை மூடிய பெட்டிகளால். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் போர்ட் பெட்டிகளுக்கான கணக்கை வகுத்தார். 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்டு ஸ்மால் அதை முழுமைப்படுத்தினார். வூஃபரின் சில அளவுகளைக் கொண்டு, பெட்டி செய்வதற்கு முன்பே பாஸ் எங்கே இறங்கும் என்று காகிதத்தில் கணக்கிட முடிந்தது அவர்களால்தான். இன்றும் நான் மரத்தை அறுப்பதற்கு முன் அந்தக் கணக்கைத்தான் போடுகிறேன். மூடிய பெட்டியில் பாஸ் ஒவ்வொரு எட்டுச்சுரத்துக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் வீதம் மெல்ல இறங்கும். போர்ட் பெட்டியில் கொஞ்சம் ஆழம் கூடுதலாகக் கிடைத்து, அதன்பின் 24 டெசிபல் வீதம் செங்குத்தாக விழும். சுவரை ஒட்டி வைப்பவர்களுக்கு மூடிய பெட்டி நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்: மெல்ல இறங்கும் சரிவைச் சுவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

எதை விட்டுக்கொடுப்பது என்பதில் நேர்மைக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், பிரிட்டனின் பி.பி.சி. 1970-களில் ஒளிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ. ஏறத்தாழ 30 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், மூடிய பெட்டி, 11 செ.மீ. அளவிலான கூம்பு. அதன் பொறியாளர்கள் ஆழமான பாஸைத் தேடவே இல்லை, உரப்பையும் தேடவில்லை. இடநெருக்கடியுள்ள வண்டிக்குள் உட்கார்ந்து, பேச்சுக் குரல் சரியாகப் பதிவாகிறதா என்று முடிவு செய்ய உதவ வேண்டும், அவ்வளவுதான். 82, 83 டெசிபல் என்ற குறைந்த உணர்திறனை, அதாவது அதே மின்சக்திக்குக் குறைந்த உரப்பை, ஏற்றுக்கொண்டார்கள். 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே மெலிதாக ஒரு மேட்டை விட்டு, பாஸ் இருப்பதான உணர்வைத் தந்தார்கள். ஐம்பது ஆண்டுகளாகியும் மக்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள் என்றால், குரல் அங்கே குரலாகவே இருக்கிறது என்பதே காரணம்.

அந்த ஸ்பீக்கரின் பெட்டியும் கவனிக்கத்தக்கது. மரநாரை அழுத்திச் செய்த கனமான எம்.டி.எஃப் பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள் என்று விறைப்பைத் தேடுவதே இன்றைய பொது வழக்கம். பி.பி.சி. பொறியாளர்களோ 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்டை எடுத்து, உட்புறம் தார் போன்ற பிட்டுமன் தகடு ஒட்டினார்கள். விறைப்பான பெட்டி அதிர்வை நிறுத்துவதில்லை, மேல் அதிர்வெண்ணுக்குத் தள்ளுகிறது. காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதிக்கு அது போய்ச் சேர்ந்தால் குரலுக்கு மூக்கடைப்பு வரும். மெல்லிய பலகையில் அதிர்வு கீழேயே இருக்கும், பிட்டுமன் அதை விழுங்கிவிடும். இரண்டு வழிகளிலும் நல்ல ஸ்பீக்கர்கள் உண்டு. எனக்கு இரண்டாவதில்தான் நாட்டம். கைவிரல் முட்டியால் பக்கப்பலகையைத் தட்டும்போது ‘டொங்’ என்று நீளாமல் ‘டப்’ என்று செத்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை.

ட்வீட்டரைப் பற்றி ஒன்று. 16.5 செ.மீ. வூஃபரின் கூம்பு மட்டும் சுமார் 13 செ.மீ. இருக்கும். 2,500 ஹெர்ட்ஸை நெருங்கும்போது அலைநீளமும் அதே அளவுக்கு வந்துவிடுவதால், வூஃபரின் ஒலி விரிந்து பரவாமல் ஒரு கற்றையாகக் குவியும். அங்கே பொறுப்பேற்கும் சிறிய டோமோ எல்லாத் திசையிலும் பரப்பும். நேர் எதிரே சமமாகக் கேட்டாலும், பக்கச் சுவர்களில் பட்டு வரும் ஒலி சமமாக இராது. காது இரண்டையும் சேர்த்தே எடைபோடுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்டு டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்பவர்களைத் தேர்வு செய்யச் சொன்ன சோதனைகளில், நேரெதிரே சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலித்த ஸ்பீக்கர்களே தொடர்ந்து விரும்பப்பட்டன. ட்வீட்டரைச் சுற்றிச் சில ஸ்பீக்கர்களில் காணப்படும் ஆழமற்ற கிண்ணம் அழகுக்காக அன்று. டோமின் பரவலை வூஃபரின் பரவலோடு இணைப்பதற்காக. உங்கள் நிலைமையில் இதன் பொருள்: ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காதின் உயரத்தில் இருக்க வேண்டும், பெட்டியை ஒருபோதும் படுக்கவைக்கக் கூடாது. வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து பாடும் பகுதியில் இரண்டிலிருந்தும் காதுக்குள்ள தூரம் 7 செ.மீ. வேறுபட்டாலே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை இவை. முதலில் இரு பெட்டிகளிலும் சிவப்பு, கறுப்பு முனைகள் சரியாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் பாஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் சிதறும். அடுத்து, முடிந்தால் அலமாரியை விட்டு வெளியே எடுத்து, கனமான ஸ்டாண்டில் வையுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரே விடை இல்லை. பெட்டியின் முன்முகத்துக்கும் பின்சுவருக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 143 ஹெர்ட்ஸை ஒட்டி நேரடி ஒலியைக் குறைக்கும். ஒரு மீட்டர் என்றால் அது 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 10 செ.மீ. வீதம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே பேச்சைக் கேளுங்கள். இரு பெட்டிகளும் பக்கச் சுவர்களிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருந்தால் பரவாயில்லை. ஆனால் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் அறையின் 4 மீட்டர் நீளம் 43 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் அகலம் 57 ஹெர்ட்ஸிலும் நிலையலையை, அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நகராமல் நின்று அதிரும் அலையை, எழுப்பும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அது மிகையாகவும், அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் மிகக் குறைவாகவும் கேட்கும். நாற்காலியை அரை மீட்டர் முன்னே இழுத்துப் பாருங்கள். விலையுயர்ந்த எந்தக் கருவியும் தராத மாற்றத்தை அந்த அரை மீட்டர் தந்ததைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அலமாரியை விட்டால் வேறு இடமே இல்லை என்றாலும் வழி உண்டு. காதின் உயரத்திலுள்ள தட்டுக்கு மாற்றுங்கள். பெட்டியின் முகம் தட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் மேலும் கீழுமுள்ள பலகைகளில் பட்டுத் தெறிக்கும் ஒலி ட்வீட்டரைக் கெடுக்கும். போர்ட்டுக்குள் மென்மையான ஸ்பாஞ்சை நெருக்கமாகச் சுருட்டிச் செருகுங்கள். பெட்டி ஏறக்குறைய மூடிய பெட்டியாகிவிடும், ஆழம் சிறிது குறைந்தாலும் குமுறல் அடங்கும். பெட்டிக்குப் பின்னுள்ள வெற்றிடத்தில் பஞ்சோ தடித்த கம்பளித் துணியோ வையுங்கள். அடியில் நான்கு மூலைகளிலும் ரப்பர் துண்டுகள். இவ்வளவுக்குப் பிறகும் மிச்சமிருப்பதை, ஆம்ப்ளிஃபயரிலோ கைபேசியின் இசைச் செயலியிலோ ஈக்வலைஸர் இருந்தால், 150 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்துச் சரிசெய்யலாம். பாஸ் குமிழியைத் திருகிக் குறைக்காதீர்கள். அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் கொஞ்சநஞ்ச ஆழத்தையும் கொண்டுபோய்விடும்.

கேபிளைப் பற்றி நீண்ட பதில் தேவையில்லை. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 3 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சேர்த்து 0.04 ஓம் தடைதான் கொடுக்கும். 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அன்று. பெரிய ஸ்பீக்கர் வாங்கி இதே தட்டில் நிறுத்தினால் இதே குமுறல் இன்னும் உரக்க வரும். சப்வூஃபர் மட்டுமே யோசிக்கத்தக்க யோசனை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள வேலையை அதனிடம் ஒப்படைத்தால் உங்கள் சிறிய வூஃபர் மூச்சு வாங்காமல் குரலைக் கவனிக்கும். ஆனால் 300 ஹெர்ட்ஸில் இருக்கும் நோய்க்கு 40 ஹெர்ட்ஸில் மருந்திட முடியாது. குரல் தெளிந்த பிறகு, இன்னும் ஆழம் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பார்க்கலாம்.

முதலில் அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு அறையின் நடுவுக்கு நடந்து பாருங்கள். குரல் தெளிந்ததா, எத்தனையாவது அடியில் தெளிந்தது என்பதையும், பின்சுவருக்கும் பெட்டியின் முகத்துக்கும் உள்ள தூரம், ட்வீட்டரின் உயரம், நாற்காலிக்குப் பின்னுள்ள சுவரின் தூரம் ஆகிய அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். ஸ்டாண்டின் உயரத்தையும் இடத்தையும் அதன்பின் கணக்கிட்டுச் சொல்கிறேன்.